நிறைவு செய்த பத்தொன்பது பேர்

ஆர்டிஸ் லுட்கேயைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஸ்டோர்லி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதிரியார் அவள் வாயைப் பற்றிச் சொல்வார், சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்து இப்போது தலை நரைத்தவர்கள் அவள் போட்ட உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்வார்கள். நான் அவளிடம் பத்து வருடம் வேன் ஓட்டியவன், மெர்ல் ஸாஸ்ட்ரோ. அதற்கு முன் முப்பது வருடம் பால் லாரி ஓட்டினேன். பால் பின்னாலிருந்து "மெதுவாப் போ, வேகமாப் போ" என்று சொல்லாது. அந்த ஒரு சுகத்தைத்தான் இழந்தேன்.

எங்கள் அலுவலகம் லூத்தரன் தேவாலயத்தின் தரைக்குக் கீழே இருக்கிறது. இரண்டு மேசை, செத்துப்போன ஜெராக்ஸ் மிஷின் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் காப்பியின் வாசனை. அங்கே நடந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சிறுநீரகம் கெட்டுப்போன ஆறு பேரை, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாற்பத்தாறு மைல் தள்ளியிருக்கிற டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். இரண்டு தடவை போகாவிட்டால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும். மூன்றாவது தடவைக்கு வேன் தேவைப்படாது.

ஆர்டிஸ் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. அவள் அப்பா மாடுகளையெல்லாம் வங்கியிடம் பறிகொடுத்தவர். அவள் புருஷன் ராஜர், பந்து உருட்டி விளையாடுகிற பௌலிங் கூடத்தில் ஷூ வாடகைக்குக் கொடுக்கும் பெண்ணோடு ஒரு நவம்பர் மாதம் ஓடிப்போனான். "போறவன் பனி தள்ற மிஷினையும் எடுத்துட்டுப் போயிட்டான், அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை" என்பாள். பிறகு இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்தாள்.

ஓய்வு பெற்ற வருடம்தான் பக்கத்துப் பண்ணை ஆல்வினுக்குச் சிறுநீரகம் போனது. கூட்டிப்போக நாதி இல்லை. ஆர்டிஸ் தன் பழைய காரில் கூட்டிப்போனாள். கேள்விப்பட்டு இன்னொருத்தி ஏறினாள். மூன்றாவது ஆள் ஏறியபோது காரின் அச்சு முறிந்தது. யாரோ அறக்கட்டளையைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுப் பட்டியலைத் தவிர வாழ்க்கையில் எதையும் எழுதாதவள், முதல் விண்ணப்பத்தை மூன்றே வரியில் எழுதி அனுப்பினாள்: கார் உடைந்துவிட்டது. ஆட்கள் செத்துவிடுவார்கள். பணம் வேண்டும்.

திரும்பி வந்துவிட்டது. நோக்கங்கள், இலக்குகள், அளவிடத்தக்க விளைவுகள் எல்லாம் இணைக்கப்படவில்லையாம். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். அடுத்த தடவை முப்பத்தோரு பக்கம் எழுதினாள். அதே மூன்று வரிதான், முப்பத்தோரு பக்கத்தில். கிடைத்துவிட்டது.

ரைன்டல் குடும்ப அறக்கட்டளை என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பெரியவர் ரைன்டல், பால் கறக்கும் இயந்திரத்துக்கு மாட்டின் காம்பில் மாட்டுகிற ரப்பர் குழல் செய்து கோடி கோடியாகச் சம்பாதித்தவர். எங்கள் மாவட்டத்தின் ஆஸ்பத்திரிப் படுக்கை, பள்ளிக்கூடப் புத்தகம், ஏழைகளுக்கான சூப்பு எல்லாம் மாட்டு மடியிலிருந்து வந்தவை. நல்ல மனிதர்தான். ஆனால் சாகும்போது ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போனார்: புதிய திட்டங்களுக்கு மட்டுமே பணம், ஓடிக்கொண்டிருப்பதற்குக் கிடையாது. டயாலிசிஸுக்குப் போகிறவனுக்கு என்ன புதுமையைக் காட்ட முடியும்? அதனால் ஆர்டிஸ் வருடா வருடம் வேனுக்குப் பேரை மாற்றினாள். ஒரு வருடம் 'நம்பிக்கைச் சக்கரம்'. மறு வருடம் 'நலவாழ்வுப் பாதை'. அப்புறம் 'கிராமப்புறச் சிறுநீரக அணுகல் முன்னெடுப்பு'. பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிப் புதுசை ஒட்டுவது என் வேலை. வேன் அதேதான், ஓட்டுகிற முட்டாளும் அவனேதான். அது அறக்கட்டளைக்காரர்களுக்கும் தெரியும். எல்லா ஊரிலும் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

வம்பு வந்தது வருடக் கடைசி அறிக்கையில்.

படிப்பு வகுப்பு, குடியை விடுகிறவர்களுக்கான இல்லம், வேலைப் பயிற்சி, எங்கள் வேன் என எல்லாருக்கும் ஒரே படிவம். ஆட்கள் கணக்கு என்று மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். திட்டத்தில் தொடர்கிறவர்கள். வெற்றிகரமாக நிறைவு செய்தவர்கள். பாதியில் விலகியவர்கள். மூன்றையும் கூட்டினால் சேர்ந்த ஆட்களின் தொகை வர வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பக்கத்தில் பேரும் எழுத வேண்டும். முதல் வருடக் குளிரில் ஆல்வின் செத்துப்போனான். ஆர்டிஸ் படிவத்தை வைத்துக்கொண்டு முழித்துவிட்டு அறக்கட்டளைக்கு போன் போட்டாள்.

"ஏம்மா, செத்தவங்களை எந்தக் கட்டத்துல போடறது?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டதாம். பிறகு, "உங்களுக்கு எது பொருத்தமாப் படுதோ அதுல போடுங்க மேடம்" என்று வந்தது பதில்.

ஆர்டிஸ் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யோவ் மெர்ல், ஆல்வின் பாதியில விட்டவனா?"

"பொண்டாட்டி ரெண்டு பேரை விட்டான். டயாலிசிஸை ஒரு நாள் விடலை. பனிப்புயல் அன்னிக்குக் கூட டிராக்டர்ல வந்து ரோட்டுல நின்னான்."

"அப்படிச் சொல்லு. அவனைப் போய் விலகினவன்னு எழுதினா என் கை அழுகிடும்" என்று சொல்லி நடுக் கட்டத்தில் ஒன்று என்று போட்டாள்.

அதோடு அதுவே வழக்கமாகிவிட்டது. பத்து வருடத்தில் பத்தொன்பது பேர் போனார்கள். மாற்றுச் சிறுநீரகம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியல் நீளம், எங்கள் ஆட்களின் வயது அதைவிட நீளம். பத்தொன்பது பேரையும் வெற்றிகரமாக நிறைவு செய்தவர்கள் என்று எழுதினாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன வருடம் அறக்கட்டளைக்கு கெல்சி என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இருபத்தாறு வயது, தலைநகரில் படித்தவள். குறை சொல்ல முடியாத பெண். குறையே அதுதான், சிரத்தையாக வேலை செய்தாள். பத்து வருட அறிக்கைகளை எடுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். படிப்பு வகுப்பில் பாதிப்பேர் ஓடிப்போயிருந்தார்கள். குடியை விடுகிறவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம். எங்கள் திட்டத்தில் மட்டும் பாதியில் விலகியவர் ஒருவர்கூட இல்லை! ஏப்ரலில் ஒரு நாள் சந்தோஷம் தாங்காமல் ஆர்டிஸைக் கூப்பிட்டாள். மாவட்டத்திலேயே சிறந்த நிறைவு விகிதத்துக்கான விருது எங்களுக்குத்தானாம். மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை ஆண்டு விருந்து. அன்றைக்கே சாப்பாடு முடிந்ததும் நிர்வாகக் குழு கூடி அடுத்த வருடப் பணத்தையும் முடிவு செய்யும்.

"நிறைவு செஞ்சவங்கள்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, மிஸஸ் லுட்கே! ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும்!"

ஆர்டிஸ் போனை வைத்துவிட்டு, தேவாலயத்துக்கு அடியில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"என்ன ஆச்சு தாயே?" என்றேன்.

சொன்னாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லிடு. கட்டம் இல்லை, அதான் இப்படின்னு சொல்லு."

"சொன்னா, பத்து வருஷம் பொய் எழுதியிருக்கேன்னு பணத்தை நிறுத்திடுவாங்க. ஜூன் முப்பதோட வேன் வாடகைக் கெடு முடியுது. ஜூலை மாசம் ஆறு பேரையும் நீ தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் வேனில் இதைப் பேசிக்கொண்டு போனோம். முன்சீட்டில் ஆர்டிஸை அடுத்து ஜன்னலோரம் ஹார்லன் இருந்தான். செத்துப்போன ஆல்வினின் தம்பி, எழுபத்தொரு வயது. குடும்பத்தோடு வந்த வியாதி, அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்தது. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் வர்றேன். முடிச்சுட்டேன், நல்லா இருக்கேன்னு சொல்லணும், அவ்வளவுதானே?" என்றான்.

"பொய் சொல்ல வருமா உனக்கு?" என்றாள் ஆர்டிஸ்.

"நாப்பது வருஷம் மாடு வித்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அவளுக்கு மனசில்லை. ஆனால் பின்சீட்டில் ஐந்து பேர் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சரி என்றாள். மூன்று வாரம் போக வர ஒத்திகை நடந்தது. ஹார்லன் சொல்வான், பின்சீட்டிலிருந்து திருத்துவார்கள். "கொஞ்சம் தெம்பாச் சொல்லு, செத்தவன் மாதிரி சொல்லாதே" என்று ஒரு கிழவி கத்தினாள்.

விருந்து ஏரிக்கரைச் சாப்பாட்டு விடுதியில். கோழி, மசித்த உருளைக்கிழங்கு, யாரும் தொடாத பீன்ஸ். இருநூறு பேர் இருந்தார்கள். ஆர்டிஸ் தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தாள். ஹார்லன் அண்ணன் சாவுக்கு வாங்கிய கோட்டைப் போட்டிருந்தான். எங்கள் மேசையில் கான்ராட் பைல் உட்கார்ந்திருந்தான். ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி, உடுத்தி, அடக்கம் செய்து வைக்கிற கூடம் அவனுடையது. மலை மாதிரி ஆள், குரல் மட்டும் பஞ்சு. அறக்கட்டளைக்கு வருடா வருடம் நன்கொடை கொடுக்கிறவன், அதனால் அழைப்பு.

கெல்சி மேடையேறி எங்கள் விருதை அறிவித்தாள். பின்னால் திரையில் பத்தொன்பது பேருடைய பேர்களும் வரிசையாகப் பூ அலங்காரத்தோடு வந்தன. கூடமே கைதட்டியது. வெளியூர்க்காரர்கள் பலமாகத் தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கான்ராட் முட்கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு பேராக முணுமுணுத்தான்.

"மெர்ல்… இவங்க எல்லாரும் என்கிட்ட வந்தவங்களாச்சே."

"பேசாம சாப்பிடுய்யா."

"இல்லப்பா, பெர்னிஸுக்கு நான்தான் முடி சீவிவிட்டேன்."

மேடையில் கெல்சி முகமெல்லாம் மலர்ச்சியாக, "அந்தப் பத்தொன்பது பேர்ல ஒருத்தர் இன்னிக்கு நம்ம கூடவே வந்திருக்கார்!" என்றாள்.

கான்ராட்டின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. முட்கரண்டி தட்டில் விழுந்தது. முப்பத்தைந்து வருடத் தொழிலில் எதைச் சரியாகச் செய்யாமல் விட்டோம் என்று அந்த ஒரு நொடியில் யோசித்திருப்பான், பாவம்.

ஹார்லன் எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தான். "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு ஹார்லன். இந்தத் திட்டத்துல நான்…" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தான். ஒத்திகையில் அந்த இடத்தில் பெருமையாகத் திரும்பி விருதைக் காட்ட வேண்டும், திரையில் பேர்கள் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பினான். வரிசையில் முதல் பேர் ஆல்வின். அப்படியே நின்றுவிட்டான்.

"அது எங்க அண்ணன்" என்றான். "அவன் முடிக்கலைங்க. செத்துப்போனான். ஜனவரியில போனவனை, மண்ணு உறைஞ்சு கிடந்ததால ஏப்ரல்லதான் புதைச்சோம். அந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாரும் செத்தவங்கதான். நான் இன்னும் முடிக்காதவன். எனக்கு முடிக்கிற அவசரமும் இல்லை." கீழே இறங்கி வந்து உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோ ஆர்டிஸ், மாடுன்னா சொல்லியிருப்பேன்" என்றான்.

"அதானே பார்த்தேன்!" என்று கான்ராட் ஒருவன்தான் பெருமூச்சு விட்டான்.

முன்வரிசையில் அறக்கட்டளைத் தலைவி மிஸஸ் ரைன்டல் இருந்தார். பெரியவரின் மனைவி, எண்பத்து நாலு வயது. "மிஸஸ் லுட்கே, இது உண்மையா?" என்று கேட்டார்.

ஆர்டிஸ் எழுந்தாள். "உண்மைதாங்க."

"ஏன் இப்படி எழுதினீங்க?"

"உங்க படிவத்துல சாவுக்குக் கட்டம் இல்லைங்க. கேட்டேன், பொருத்தமானதுல போடச் சொன்னாங்க. பாதியில விலகினவங்கன்னு எழுத எனக்கு மனசு வரலை. உடம்பு நடுங்கிக்கிட்டு, கையில ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போயி, அப்பவும் விடிகாலையில வாசல்ல வந்து நின்னவங்க அவங்க. யாரும் விலகலை." குரல் உடைந்தது. அதை மறைக்க அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். பத்து வருஷமா ஒரே வேனுக்குத்தான் பத்துப் பேர் வெச்சேன். புதுசா ஒரு மண்ணும் இல்லை. பழைய வேன், பழைய ரோடு, பழைய கிட்னி. வெள்ளிக்கிழமை கொண்டுவிட்ட ஆள் திங்கட்கிழமையும் உயிரோட இருக்கான். அதுக்கு மேல என்ன விளைவுங்க வேணும்?"

மிஸஸ் ரைன்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெல்சி அழுதேவிட்டாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பணம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அறுபத்தெட்டு வயதிலும் நான் வடிகட்டின ஏமாளி என்பது அப்போது தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. ஆழ்ந்த மரியாதையாம். நெஞ்சைத் தொட்ட உரையாம். ஆனால் பத்து வருடம் தவறான அறிக்கை கொடுத்த அமைப்புக்கு ஒரு வருடத்துக்கு நிதி கொடுக்க விதி இடம் தரவில்லையாம், வக்கீல் சொல்லிவிட்டாராம். அடுத்த வருடம் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அடியில் மிஸஸ் ரைன்டல் தன் கையெழுத்திலேயே வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு நல்ல செய்தி: திருமதி லுட்கேயின் பேச்சை ஏற்று, வரும் வருடத்திலிருந்து படிவத்தில் இறந்தவர்கள் என்று நாலாவது கட்டம் சேர்க்கப்படும்.

வேன் கேட்டோம், கட்டம் கொடுத்தார்கள். நான் அந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆர்டிஸ் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அடுத்த வருஷமாம்" என்றாள். "ஆறு பேர்ல யாரை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்றது மெர்ல்? சொல்லு, நீயே ஒருத்தரைக் காட்டு."

ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிந்ததும் வேனைக் கம்பெனிக்காரன் எடுத்துப்போனான். அன்று சாயங்காலம் ஆர்டிஸ் தேவாலயத்து ஆட்களின் பேர்களை எழுதி வைத்துக்கொண்டு, யார் காரில் யாரை ஏற்றலாம் என்று மல்லாடிக்கொண்டிருந்தாள். பாதிப்பேருக்குக் கண்புரை, மீதிப்பேர் அறுவடையில். அப்போது படிக்கட்டு முனகியது. கான்ராட் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தான்.

"என்கிட்ட ஒரு வண்டி நிக்குது ஆர்டிஸ். சாவு வீட்டுக் குடும்பத்தை மயானத்துக்குக் கூட்டிட்டுப் போற நீள வண்டி. டிரைவர் போக ஆறு, ஏழு பேர் தாராளமா உக்காரலாம். இங்கே அடக்கம் எல்லாம் பெரும்பாலும் சனிக்கிழமைதான். மத்த நாள்ல சும்மா நிக்குது. பெட்ரோல் மட்டும் நீங்க போட்டுக்கோங்க."

ஆர்டிஸ் அவனையே பார்த்தாள். "ஏன்யா, உன் வியாபாரத்துக்கு நீயே வேட்டு வெச்சுக்கறியே."

"அவங்க எங்கே போயிடப் போறாங்க? எப்படியும் என்கிட்டதான் வரணும்" என்றான் கான்ராட். "மெதுவா வரட்டும்."

சாவியை மேசைமேல் வைத்தான். சிரிக்கவில்லை, அந்தத் தொழிலில் சிரித்துப் பழக்கம் கிடையாது.

பெட்ரோலுக்குத் தேவாலயத்துப் பெண்கள் பழம் அடைத்த மாவுப் பலகாரம் சுட்டு விற்பது என்று முடிவானது. எனக்குச் சம்பளம் பாதி, ஆர்டிஸின் திட்டு முழுசு. முதல் திங்கட்கிழமை விடிகாலையில் அந்த நீளக் கறுப்பு வண்டியை வீடு வீடாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு வீட்டில் மருமகள் வண்டியைப் பார்த்து அலறிவிட்டாள். எங்கள் ஆட்களுக்கோ ஏகக் குஷி. தோல் இருக்கை, குளுகுளு காற்று, கதவுக்குக் கதவு கண்ணீர் துடைக்கக் காகிதக் கைக்குட்டை. "இவ்வளவு சொகுசை இத்தனை நாள் செத்தவங்க வீட்டுக்குன்னே வெச்சிருந்திருக்கானே படுபாவி" என்றாள் பின்சீட்டுக் கிழவி. ஆர்டிஸும் அன்று கூட வந்தாள், எல்லாரும் சரியாக இருக்கிறார்களா பார்க்க என்று சொல்லிக்கொண்டு.

நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் சாவு வண்டியைக் கண்டால் எதிரே வருகிறவன் ஓரம் கட்டி நிற்பான். அன்று எல்லாரும் ஓரம் கட்டினார்கள். பால் லாரி நின்றது, பள்ளிக்கூட வேலைக்காரர்களின் கார் நின்றது. அரசர் போகிற மாதிரி நடுரோட்டில் போனோம். எட்டாவது மைலில் டீன் ஹஃப்மன் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தான். ஹார்லனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வண்டியைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்தி, இறங்கி, வேலியோரம் வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

ஹார்லன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். "தொப்பியைப் போடுடா டீன்! இன்னும் ஆகலை!"

டீன் வாய் பிளந்தது. வண்டிக்குள் ஆறு நோயாளிகளும் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஆர்டிஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள், கான்ராட்டின் காகிதக் கைக்குட்டைகளில் பாதியைத் தீர்த்துவிட்டாள். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நான் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.